லீவு நாள் மாத்திரை

எங்கள் ஆம்பூரில் பாதிப் பேருக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. தோல் பதனிடும் ஷாப்புகளுக்கும் நிறைய ஷூ கம்பெனிகளுக்கும் அன்றைக்குத்தான் லீவு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, கறி எடுப்பது, வாரத்துத் துணியை அலசிப் போடுவது, மச்சானோடு சண்டை போடுவது எல்லாவற்றையும் அன்றைக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது பிடிபட ஒரு மாதமாகும். எனக்கு ஊரின் நாடி அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷமாக பஜார் தெருவில் மெடிக்கல் ஷாப்பு வைத்திருக்கிறவனுக்கு அந்த நினைப்பு வரத்தான் செய்யும்.

என் பெயர் பிரேம்நாத். மருந்து எல்லாக் கடையிலும் ஒன்றுதான். என் கடையில் கவர்தான் விசேஷம். காக்கி நிறக் கவரின் மேல் நீலப் பேனாவால், கொட்டை எழுத்தில், எந்த மாத்திரை எப்போது என்று தமிழில் எழுதிக் கொடுப்பேன். டாக்டர்கள் கிறுக்குவதை நான்தான் ஊருக்குப் படித்துச் சொல்லி வந்தேன். "ப்ரேம்ணா எழுதிக் குடுத்தா கண் தெரியாதவங்களுக்கும் தெரியும்" என்று எல்லம்மா ஒருமுறை சொன்னாள். அந்தப் பாராட்டை இரண்டு நாள் மனசிலேயே வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தேன். தற்பெருமையில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை.

எல்லம்மா எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ஷூ கம்பெனியில் தையல் லைனில் பதினெட்டு வருஷம். மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு வைத்து, ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துத் தள்ள வேண்டும். பசை நெடியும் மெஷின் சத்தமும் வீட்டுக்கு வந்தபிறகும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் என்பாள். அவள் புருஷன் தனகோடி தோல் ஷாப்பில், தோலை ஊறவைத்துச் சுற்றும் டிரம்மில் வேலை செய்கிறான். சுண்ணாம்பும் ஈரத்தோலும் புழங்கி அவன் உள்ளங்கை வெளுத்துத் தடித்திருக்கும். அதிகம் பேசமாட்டான். இரண்டு பேர் பேச்சையும் எல்லம்மாவே பேசிவிடுவாள். ஒரே மகளை குடியாத்தத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்லம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை மடங்காது. ஊசியில் நூல் கோப்பவளுக்கு ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை. தனகோடிதான் மாட்டிவிட்டான், தலை வாரிவிட்டான், சோறும் பிசைந்து கொடுத்தான். "கல்யாணத்தப்ப கூட இவ்ளோ கவனிப்பு இல்லண்ணா. வியாதி வந்தாதான் புருஷன் மதிப்பு தெரியுது" என்று என் கடை வாசலில் நின்று அவனைச் சீண்டுவாள். அவன் தரையைப் பார்த்துச் சிரிப்பான்.

வேலூரில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். மூட்டைத் தாக்கும் வாதம் என்று கண்டுபிடித்து ஒரு மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாரத்துக்கு ஒன்றே ஒன்று. மற்ற ஆறு நாளும் ஒரு சின்ன மாத்திரை. அது மஞ்சள் மாத்திரையின் கெடுதலை மட்டுப்படுத்த. டாக்டர் சீட்டில் பிழையே இல்லை. 'வாரம் ஒருமுறை, ஞாயிறு மட்டும்' என்று தமிழிலேயே எழுதியிருந்தார்.

பிழையை நான் செய்தேன்.

சீட்டைக் கொண்டுவந்த அன்று எல்லம்மா ஒரு சந்தேகம் கேட்டாள். மஞ்சள் மாத்திரை போட்ட அன்றைக்குக் குமட்டலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லைனில் வேலை நாள். மெஷினில் உட்கார்ந்து வாந்தி எடுத்தால் சூப்பர்வைசர் சும்மா விடுவானா? நியாயமான கேள்வி. நான் மேதாவி அல்லவா, யோசிக்கவே இல்லை. லீவு நாளில் போட்டுக்கொள் என்றேன். இரண்டு கவர் எடுத்தேன். ஒன்றில் 'லீவு நாள் – மஞ்சள் மாத்திரை 1' என்று எழுதினேன். இன்னொன்றில் 'வேலை நாள் – சின்ன மாத்திரை 1'. மூன்று மாத மருந்து, பன்னிரண்டுதான் வேண்டும். அட்டையை வெட்டுவானேன் என்று பத்துப் பத்தாக இரண்டு முழு அட்டை கொடுத்தேன்.

வெள்ளி என்று எழுதியிருந்தால் மூன்று எழுத்து. லீவு நாள் என்பது நான்கு. ஓர் எழுத்தை மெனக்கெட்டுக் கூடுதலாக எழுதித்தான் கெடுத்தேன்.

ஆறு வாரம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. விரல் வீக்கம் வடிந்தது. தானே தலை வாரிக்கொண்டு வந்து கடை முன்னால் நின்று பின்னலைக் காட்டிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் ஆவணியிலும் வெயில் குறையவில்லை. பாலாற்று மணல் காந்தியது. அமெரிக்காவில் வரியைக் கூட்டிவிட்டார்கள், ஆர்டர் நின்றுபோயிற்று என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எல்லம்மாவின் கம்பெனி கேட்டில் காகிதம் ஒட்டினார்கள். மறு அறிவிப்பு வரும்வரை விடுமுறை. காலையில் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன்கள் வரிசையாக மரத்தடியில் நின்றன. லீவு என்றால் எங்கள் ஊரில் மட்டன் வாசம் அடிக்க வேண்டும். இந்த லீவில் தெருவே முகம் செத்து உட்கார்ந்திருந்தது. யாரைக் கேட்டாலும் "லீவு உட்டுட்டாங்க" என்பதுதான் பதில்.

தனகோடியின் ஷாப்பு மட்டும் அரைகுறையாக ஓடியது. தினம் காலை ஆறு மணிக்குக் கிளம்புமுன் அவன் கேழ்வரகுக் கூழைக் கரைத்து அவளுக்குக் கொடுப்பான். பிறகு கவர்களை எடுத்துப் பார்ப்பான். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். இன்றைக்கு வேலையா, லீவா? லீவு. லீவு நாள் கவரிலிருந்து மஞ்சள் மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைப்பான். வெள்ளிக்கிழமை வைத்தான். சனிக்கிழமை வைத்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று வைத்துக்கொண்டே போனான். ஆறு நாளைக்கு வேண்டிய சின்ன மாத்திரை, வேலை நாள் கவருக்குள் அப்படியே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை எல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்கு வந்தாள். வாயெல்லாம் புண். சும்மா வீட்டிலேயே கிடப்பதால் உடம்பில் சூடு ஏறிவிட்டது, மோர் குடித்தாலும் எரிகிறது என்றாள். அந்த வெயிலில் தெருவில் நாலு பேருக்கு வாய்ப்புண். நான் சத்து மாத்திரை ஒரு அட்டை எடுத்து, அழகாக 'காலை 1, இரவு 1' என்று எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

புண்ணோடும் அவள் உற்சாகமாகத்தான் இருந்தாள். மறுநாள் அவளுக்கு வேலூரில் ஒரு ஜோலி இருந்தது. கடைசி வருஷம் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு, பாதுகாப்பாக மருந்து எழுதத் தெரிகிறதா என்று அந்தக் கல்லூரியில் பரீட்சை வைக்கிறார்களாம். அதற்கு நாள்பட்ட மருந்து சாப்பிடும் நோயாளிகளை மாத்திரைப் பையோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"பசங்க என்னப் பாத்து மருந்து எழுதணுமாம்ணா. அதப் பாத்து பெரிய டாக்டரு மார்க் போடுவாங்களாம். நான் அஞ்சாங்கிளாஸ் பெயிலு. இப்பப் பாரு, டாக்டரு பரீட்சைக்கு நான்தான் கொஸ்டின் பேப்பரு."

மொத்த வியாபாரக் கடையில் சரக்கு எடுக்க எனக்கும் வேலூர் போக வேண்டியிருந்தது. பஸ் கம்பியைப் பிடித்து ஏற அவளுக்குக் கை வலிக்கும், கூட இருந்து கூட்டிப் போய் வா என்று தனகோடி கேட்டுக்கொண்டான். அவனாக வாய் திறந்து ஒன்று கேட்பது அபூர்வம். கடைக்கு அரை நாள் பூட்டுப் போட்டேன்.

மாதனூர், பள்ளிகொண்டா தாண்டும்வரை எல்லம்மா வாய் ஓயவில்லை. அதற்கப்புறம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அசதியாக இருக்கிறது என்றாள். வெயில் என்று நான் நினைத்தேன். அந்த வாரம் எல்லாப் பழியையும் நான் வெயில் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக் கூடத்தைத் திரை போட்டுச் சின்னச் சின்னதாகத் தடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மேசை, ஒரு நோயாளி, ஒரு பரீட்சகர். எங்கள் தடுப்பில் இருந்தவர் டாக்டர் மெர்சி. ஐம்பது வயதிருக்கும், மருந்தியல் பேராசிரியை. பிள்ளைகள் கேட்பதற்கு எப்போதும்போல பதில் சொன்னால் போதும், நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்று எல்லம்மாவிடம் விளக்கினார். மூட்டு வலி ஜாஸ்தியாக இருக்கிறது, ஏதாவது மருந்து எழுதுங்கள் என்று ஆரம்பிக்க வேண்டும். பிள்ளைகள் இப்போது சாப்பிடும் மருந்துகளை விசாரித்து, அதோடு ஒத்துப்போகிற மருந்தாக எழுதி, அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பத்து நிமிஷம். மணி அடித்தால் அடுத்தவர்.

எல்லம்மாவும் மார்க் போட வேண்டும் என்றார். அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று முகம் அச்சடித்திருந்தது. ஒன்று சிரிக்கும், ஒன்று அழும், நடுவில் உள்ளது வாயை நேர்க்கோடாக வைத்திருக்கும். சொன்னது புரிந்ததா என்பதற்குத் தகுந்த முகத்தில் டிக் அடிக்க வேண்டும். துணைக்கு வந்த நான் ஸ்டூலில் உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் என்னை யாரும் அப்படி அடக்கியதில்லை.

முதலில் வந்தவன் உயரமான பையன். நடுக்கத்தில் வணக்கத்தை இரண்டு தடவை சொன்னான். வலி என்றதும் படபடவென்று ஒரு வலி மாத்திரையை எழுதிவிட்டான். அந்த மஞ்சள் மாத்திரையோடு அது ஆகாது என்று எனக்கே தெரியும். டாக்டர் மெர்சி முகத்தில் ஒன்றும் காட்டாமல் தாளில் எதையோ குறித்தார். எல்லம்மா அவனுக்குச் சிரித்த முகத்தில் டிக் அடித்தாள். பாவம், வியர்த்துக் கொட்டுகிறதே என்றாள்.

இரண்டாவது வந்தது கண்ணாடி போட்ட பெண். நிதானம். பையைக் கொட்டி ஒவ்வொரு கவராகப் படித்தது. மஞ்சள் மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டி, "இத வாரத்துக்கு ஒரு தடவைதானே போடுறீங்க?" என்று கேட்டது. எல்லம்மா ஆமாம் என்றாள். பொய் இல்லை. லீவு நாள் என்பதே அவளுக்கு வாரத்துக்கு ஒன்று என்றுதானே அர்த்தம். சரியாகப் போடுகிறீர்கள், ரொம்ப நல்லது என்று அந்தப் பெண் மெச்சியது. கவரைத் திருப்பிப் பார்த்து, கையெழுத்து அழகாக இருக்கிறதே, யார் எழுதினது என்றும் கேட்டது. எல்லம்மா பெருமையாக என்னைக் காட்டினாள். வாய் திறக்கக் கூடாதென்பதால் நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் அந்தத் தலையைப் பிடித்துச் சுவரில் முட்டலாம்போல இருக்கிறது. அந்தப் பெண் வயிற்றைக் கெடுக்காத சாதாரண மாத்திரையாக எழுதி, அழகாக விளக்கிவிட்டுப் போயிற்று. இதற்குத்தான் முதல் மார்க் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாவதாக வந்தவள் அலீனா. முக்காட்டைச் சுற்றி ஊசி குத்தியிருந்தாள், ஒடிசலான உருவம். வாணியம்பாடிப் பெண் என்பது அவள் பேசத் தொடங்கியதுமே காதில் தட்டிவிட்டது. கவரைக் கையில் எடுத்தவள் உடனே கீழே வைக்கவில்லை.

"லீவு நாள்னு எழுதி இருக்குது. உங்களுக்கு வெள்ளிக்கிழமைதானேம்மா லீவு?"

"ஆமா பாப்பா."

"எந்த டிபார்ட்மெண்ட்டு?"

"ஸ்டிச்சிங்."

அலீனா கவரை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு மருந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"கம்பெனி ஓடுதாம்மா?"

"எங்க ஓடுது? போன வியாழக்கிழமையோட லீவு உட்டுட்டாங்க."

"எங்க அப்பாவும் ஷூ கம்பெனிதான், கட்டிங். வீட்லதான் இருக்காரு." அட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்த மஞ்ச மாத்திரை கடைசியா எப்பம்மா போட்டீங்க?" என்றாள்.

"இன்னிக்குக் காலைல."

"அதுக்கு முன்னாடி?"

"நேத்து. லீவு நாள் ஆச்சே பாப்பா. டெய்லி அவரே எடுத்துக் குடுத்துடுவாரு."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். அலீனா கவருக்குள் இருந்த என் கடை பில்லை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். விரல் விட்டு வெள்ளிக்கிழமைகளை எண்ணினாள். ஏழு. அட்டையில் மிச்சத்தை எண்ணினாள். பதிமூன்று இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. பரீட்சகர் மேசையிலிருந்த டார்ச்சைக் கேட்காமலே எடுத்து, வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். உதட்டுக்கு உள்பக்கமும் நாக்கோரமும் வெந்த மாதிரி இருந்ததை நானும் பார்த்தேன். முந்தின நாள் நான் பார்க்கவே இல்லை. கேட்டதோடு சரி.

அவள் பேனாவை மூடிக் கோட்டுப் பையில் செருகினாள். மருந்துச் சீட்டு வெறுமையாகக் கிடந்தது.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, எழுது" என்றார் டாக்டர் மெர்சி.

"நான் எழுதல மேடம்."

"எழுதலன்னா அந்தக் கட்டத்துக்கு மார்க் இல்ல. தெரியும்ல?"

"தெரியும் மேடம். இவங்க அஞ்சு மாத்திரை ஜாஸ்தியா போட்டிருக்காங்க. வாய் பூரா புண்ணு. இப்பவே ரத்தம் எடுக்கணும் மேடம், வீட்டுக்கு அனுப்பக் கூடாது." கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் நகரவில்லை.

டாக்டர் மெர்சி எழுந்து வந்து தானே வாயைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கவரைப் படித்தார். "முன்னாடி ரெண்டு பசங்க பாத்தப்பவும் நானும் உக்காந்துதானே இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த மணி அடித்தபோது எங்கள் தடுப்புக்கு நாலாவது பிள்ளை வரவில்லை. சக்கர நாற்காலிதான் வந்தது. எல்லம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பாப்பாவுக்கு இன்னும் டிக் அடிக்கவில்லையே என்று தாளை நீட்டிக்கொண்டே போனாள்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன. அந்த மாத்திரையின் வேகத்தை முறிக்க ஆறு மணி நேரத்துக்கொரு ஊசி என்று ஆரம்பித்தார்கள். இன்னும் நாலைந்து நாள் இப்படியே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். வார்டு டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

தனகோடி வேலையிலிருந்து நேராக ஓடிவந்தான். உடம்பில் சுண்ணாம்பு நெடி. வராந்தாவில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் இரண்டு மணி நேரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன். சீட்டில் தப்பில்லை தனகோடி, கவர்தான் தப்பு, அது என் எழுத்து, அவள் இங்கே கிடப்பது என்னால்தான். அவன் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அவன் தன் இரண்டு கையையும் விரித்து மடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ எழுதுனேண்ணா. நான்தானே எடுத்துக் குடுத்தேன். நேத்து அவ வேணாம்னா, வாயி எரியுதுய்யான்னா. எழுதிருக்குது, போட்டுதான் ஆவணும்னு நான்தான் தண்ணி ஊத்தி முழுங்க வச்சேன். இந்தக் கையாலதான்ணா."

இருபது வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். வார்டு ஆயா எங்களை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் ஜுரம் வந்தது. அடுத்த இரண்டு நாளும் எங்களுக்கு உயிர் போய் வந்தது. அவளைத் தனி அறையில் வைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று தனகோடி பார்த்துக்கொண்டிருந்தான். குடியாத்தத்திலிருந்து வந்த மகள் கைக்குழந்தையோடு கீழேயே உட்கார்ந்திருந்தாள். நான் வேதக்கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கோயிலில் மண்டியிட்டு, ஆண்டவரே, இவளை விட்டுவிடும், இனிமேல் கேட்காமல் ஒரு கவர்கூட எழுதமாட்டேன் என்று பேரம் பேசினேன். ஐந்தாம் நாள் ஜுரம் இறங்கியது. ஏழாம் நாள் வெள்ளை அணு ஏற ஆரம்பித்தது. கஞ்சியை உறிஞ்சும்போது எரிச்சல் கம்மி என்றாள். ஒன்பதாம் நாள், கத்தரிக்காய் தொக்கோடு பிரியாணி கிடைக்குமா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அலீனா தினமும் வந்து போனாள். வார்டில் அவளுக்கு வேலை எதுவும் கிடையாது. சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்து, வாயைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவாள். தன் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லம்மாதான் விடவில்லை. டாக்டர் மெர்சி பார்க்க வந்தபோது, அந்தப் பிள்ளைக்குப் பாஸா பெயிலா என்று நேராகவே கேட்டாள். சீட்டு எழுதும் கட்டத்தில் பூஜ்யம்தான் போட முடிந்தது, விதி அப்படி என்றார் டாக்டர். மற்றதை எல்லாம் சேர்த்துப் பாஸ், பயப்படாதீர்கள். எழுதாமல் நிறுத்தத் தெரிந்ததா என்று தாளில் ஒரு கட்டமே இல்லை; அடுத்த வருஷம் இருக்கும் என்றார்.

"அப்ப என் தாளக் குடுங்கம்மா. நான் இன்னும் மார்க் போடல."

டாக்டர் மறுநாள் ஞாபகமாக அந்தத் தாளைக் கொண்டுவந்தார். எல்லம்மா பேனாவை எல்லா விரலாலும் பிடித்து, அலீனாவின் வரிசையில் சிரித்த முகத்தில் டிக் அடித்தாள். அதோடு விடாமல் அழுகிற முகத்திலும் ஒன்று அடித்தாள். ஒன்றில்தான் அடிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"ரெண்டும்தாம்மா. அன்னிக்கு அந்தப் பாப்பா என்னப் பாத்து அழுவுற மாதிரி இருந்துச்சு. யாரு பெத்த புள்ளையோ, எனக்காக அழுவுதேன்னு இருந்துச்சு எனக்கு. அவ அப்பாவுக்கும் வேல இல்லையாம். அந்தக் கவலைலதான் என் கவலைய கண்டுபிடிச்சா."

கதவருகே நின்றிருந்த அலீனா முக்காட்டு முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகு எல்லம்மா என் கடைப்பக்கம் வரவில்லை. தெருவில் பார்த்தால் பேசுவாள், சிரிப்பாள். சத்து மருந்து எல்லாம் தனகோடி ஆஸ்பத்திரியிலேயே வாங்கிவந்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் வேண்டிக்கொண்டபடி இருந்தேன். கவரில் கிழமை பெயரை எழுதினேன். எழுதியதை வாங்குகிறவர்கள் வாயால் திருப்பிச் சொன்னால்தான் மருந்தைக் கொடுத்தேன். ப்ரேமுக்கு என்னமோ ஆகிவிட்டது, மாத்திரை வாங்கப் போனால் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறான் என்று பஜாரில் கேலி பேசினார்கள். பேசட்டும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள். கம்பெனியில் பாதி லைன் திறந்திருந்தார்கள். வேலை விட்டு, யூனிஃபார்ம் கோட்டோடு, குடையை மடக்கியபடி எல்லம்மா கடைப்படி ஏறினாள். அந்த வாரம் வேலூரில் வாங்கிய ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். மஞ்சள் மாத்திரையை மறுபடி குறைந்த அளவில் ஆரம்பித்திருந்தார்கள். சிவப்பு மையில் அடிக்கோடு: வெள்ளிக்கிழமை மட்டும், ஒரு மாதத்துக்கு நாலு மாத்திரைக்கு மேல் தரக் கூடாது. அங்கேயே வாங்கியிருக்கலாம். வாங்காமல் ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள்.

அட்டையை வெட்டி நாலு மாத்திரையை எண்ணினேன். 'வெள்ளிக்கிழமை மட்டும் – 1' என்று எழுதினேன். எப்படிப் போடுவாய், சொல்லு என்றேன்.

"கம்பெனி ஓடுனாலும் வெள்ளி. ஓடலன்னாலும் வெள்ளி. பக்ரீத் லீவு உட்டாலும், தீபாவளி லீவு உட்டாலும், வெள்ளி வந்தாதான் மஞ்ச மாத்திரை. போதுமா?"

போதும் என்றேன்.

"இரு. இப்ப நீ படி. நீ எழுதுனத நீயே ஒரு தரம் சத்தமா படி."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் படித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எழுத்துக்கு எழுத்து நிறுத்திப் படித்தேன். அவள் என் சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை உருவி, கவரின் மூலையில் ஒரு வட்டம் போட்டாள். இரண்டு கண் வைத்தாள். வாய் எப்படி வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நேராக ஒரு கோடு இழுத்தாள்.

"நடு மூஞ்சிதானா எல்லம்மா?"

"இப்போதிக்கு அதாண்ணா. சிரிக்கிற மூஞ்சிய அடுத்த மாசம் பாக்கலாம்."

குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அந்த விரல்கள் குடைக்காம்பை நன்றாகவே மடக்கிப் பிடித்திருந்தன. மார்க் குறைந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அடுத்த மாசமும் அவள் இருப்பாள், என் கடைக்குத்தான் வருவாள்.